முதல் தலைமுறை ஸ்மார்ட்வாட்சை வாங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஒரு நிறுவனம் முதன்முறையாக ஸ்மார்ட்வாட்ச் ஒன்றை வெளியிடும்போதெல்லாம் நாளிதழ்களின் தொழில்நுட்பப் பக்கங்களில் அதைப் பற்றிய மதிப்புரை வந்துவிடுகிறது. திரை எவ்வளவு தெளிவாக இருக்கிறது, செயலிகள் எத்தனை, பேட்டரி ஒரு நாள் தாங்குகிறதா என்பன போன்ற விவரங்கள் அவற்றில் குறைவின்றி இடம்பெறுகின்றன. ஆனால், சில நாள்கள் மட்டும் கையில் கட்டிப் பார்த்து எழுதப்படும் அந்த மதிப்புரைகள், வாங்கியவர் அந்தக் கடிகாரத்தோடு கழிக்கப்போகும் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளைப் பற்றி ஏறக்குறைய எதுவும் சொல்வதில்லை. கைக்கடிகாரம் பழுதுபார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், முதல் தலைமுறை ஸ்மார்ட்வாட்சை வாங்குவதா வேண்டாமா என்று தயங்கி நிற்கும் வாசகர்களுக்காகச் சிலவற்றை எழுத விரும்புகிறேன். பெட்டியைத் திறந்த அன்றே அது எந்த வேலையைச் செய்கிறதோ அந்த வேலைக்காக மட்டும் அதை வாங்கலாம்; பின்னால் வரும் என்று சொல்லப்படும் எதற்காகவும் வாங்கக் கூடாது என்பதே என் கருத்து.

இக்கருத்துக்கு வர எனக்குக் காரணமாக இருந்தவை கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வெளியான கடிகாரங்களே. சாம்சங் நிறுவனம் 2013 செப்டம்பர் 4 அன்று பெர்லினில் அறிமுகப்படுத்திய கேலக்ஸி கியரை முதலில் எடுத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில், கைபேசிகளைப் பொறுத்தவரை, அது அந்நிறுவனத்தின் கேலக்ஸி நோட் 3 உடன் மட்டுமே இணைந்து இயங்கியது. அந்நிறுவனத்தின் பிற கைபேசிகள் பின்னரே சேர்க்கப்பட்டன. மின்னஞ்சல் வந்தால், வந்திருக்கிறது என்று மட்டும் தெரிவித்துவிட்டு, அதைப் படிக்கக் கைபேசியை எடுக்கச் சொன்னது. இந்தக் குறை சில மாதங்களில் மென்பொருள் வழியாகச் சரிசெய்யப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். என்னைப் போன்றவர்களின் கண்ணில் முதலில் பட்டது வேறொன்று. அந்தக் கடிகாரத்தின் கேமரா வாரில் பதிக்கப்பட்டிருந்தது. ஒலிபெருக்கி வாரின் பூட்டில் இருந்தது. எந்தக் கைக்கடிகாரத்திலும் முதலில் தேய்ந்து அறுவது வார்தான் என்பதைத் தொழிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிறோம். மாற்றவே முடியாத வாரை வடிவமைத்தவர்கள் ஒரு கடிகாரக்காரரையாவது கலந்து பேசியிருப்பார்களா என்று எனக்கு இன்றும் ஐயம் உண்டு. ஆறு மாதங்கள்கூட ஆகாத நிலையில், 2014 பிப்ரவரியில் அடுத்த தலைமுறையான கியர் 2 அறிவிக்கப்பட்டபோது, கேமரா கடிகாரத்தின் உடலுக்கு இடம் மாறியிருந்தது, வாரைக் கழற்றி மாற்ற முடிந்தது, இயங்குதளமும் ஆண்ட்ராய்டிலிருந்து டைசனுக்கு மாறியிருந்தது. முதல் கடிகாரத்தை வாங்கியவர்கள் ஒரு சோதனை மாதிரிக்கு முழு விலை கொடுத்திருந்தார்கள் என்றுதான் இதைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஆப்பிள் நிறுவனம் இன்னும் கவனமாகவே களத்தில் இறங்கியது. 2014 செப்டம்பரில் அறிவித்து 2015 ஏப்ரல் 24 அன்று விற்பனைக்குக் கொண்டுவந்த அதன் முதல் கடிகாரத்தில், வார்களை எளிதாக மாற்றும் வசதி முதல் நாளிலிருந்தே இருந்தது. 2015-இல் வாங்கிய வார்கள் பின்னர் வந்த பல தலைமுறைக் கடிகாரங்களிலும் பொருந்தின. அந்த முதல் தலைமுறையில் நீண்ட ஆயுள் பெற்ற பாகம் எதுவென்று கேட்டால் வார் என்றே சொல்வேன். கடிகாரத்தின் உள்ளே இருந்தவற்றின் கதை வேறு. அன்றைய முதல் இயங்குதளத்தில் வெளியார் உருவாக்கிய செயலிகள் கடிகாரத்தில் இயங்கவே இல்லை. அவை ஐபோனில் இயங்க, கடிகாரம் அவற்றின் முகத்தை மட்டும் காட்டியது. ஆகவே ஒரு செயலியைத் தொட்டால், செய்தி புளூடூத் வழியாகக் கைபேசிக்குப் போய்த் திரும்பி வரும்வரை கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. செயலிகள் கடிகாரத்திலேயே இயங்குவதற்கான வழியை அதே ஆண்டு செப்டம்பரில் வந்த அடுத்த இயங்குதளமான வாட்ச்ஓஎஸ் 2 திறந்துவிட்டது. ஆனால், அந்த முதல் சிப்பின் வேகத்தை எந்த மென்பொருளாலும் கூட்ட முடியவில்லை. 2016 செப்டம்பரில் சீரிஸ் 2 வந்தபோது இரண்டு செயலகங்கள் (டூயல் கோர்) கொண்ட சிப், ஜிபிஎஸ், 50 மீட்டர் நீர்த்தடுப்பு ஆகியவை சேர்ந்தன. முதல் கடிகாரமோ ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்ற ஐபிஎக்ஸ் 7 தரத்தோடு நின்றிருந்தது. 2018-இல் வந்த வாட்ச்ஓஎஸ் 5 முதல் கடிகாரத்துக்குக் கிடைக்கவே இல்லை. இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது 18 காரட் தங்கத்தில் செய்யப்பட்டு 10,000 டாலரில் விலை தொடங்கிய பதிப்புதான். அதனுள் இருந்த சிப்பும் சாதாரண அலுமினியப் பதிப்பில் இருந்த சிப்பும் ஒன்றே. அதற்கான மென்பொருளும் மற்றவற்றோடு சேர்ந்து அதே நாளில்தான் நின்றுபோனது.

முதல் தலைமுறை ஏன் இவ்வாறு அமைகிறது என்பதற்குத் திறமைக் குறைவு காரணம் அன்று. எவ்வளவு விற்கும் என்று தெரியாத ஒரு பொருளுக்காகப் புதிய சிப் ஒன்றை வடிவமைக்கப் பெரும்பாலான நிறுவனங்கள் முன்வருவதில்லை. கையில் கிடைக்கும் பழைய சிப்பை எடுத்துப் பொருத்தி, வரவேற்பைப் பார்த்துவிட்டு அடுத்ததில் செலவிடுகின்றன. 2014 செப்டம்பரில் வெளியாகி, வட்ட வடிவத் திரைக்காகப் பெரிதும் பேசப்பட்ட மோட்டோ 360-இல் இருந்தது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் ஓமேப் 3 சிப். 2010-ஆம் ஆண்டின் கைபேசிகளில் பயன்பட்ட வகை அது. எட்டு ஆண்டுகள் கழித்து, இத்தனை பேரின் அனுபவம் கண்முன் இருந்தும், கூகுள் 2022 அக்டோபரில் வெளியிட்ட முதல் பிக்ஸல் வாட்சில் 2018-ஆம் ஆண்டின் எக்ஸினோஸ் 9110 சிப்பே இருந்தது. அடுத்த ஆண்டே வந்த பிக்ஸல் வாட்ச் 2 வேறு சிப்புக்கு மாறியது. நிறுவனங்கள் மாறினாலும் ஆண்டுகள் கடந்தாலும் இந்த வழக்கம் மாறாததால், ஒரு முதல் தலைமுறைக் கடிகாரத்தை மதிப்பிட விரும்புபவர் விளம்பரத்தில் உள்ள படங்களைவிட, உள்ளே இருக்கும் சிப் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதைத் தேடிப் பார்ப்பது பயன் தரும். அந்த ஒரு தகவல் பல மதிப்புரைகளுக்குச் சமம்.

அடுத்தது பேட்டரி, இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். முதல் ஆப்பிள் வாட்சின் இரண்டு அளவுகளில் சிறியதில் இருந்த பேட்டரியின் கொள்ளளவு 205 மில்லி ஆம்பியர் மணி; அதே காலத்து ஐபோன் 6-இன் பேட்டரியோ 1,810. ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு மின்சாரத்தைக் கொண்டு ஒரு நாளை ஓட்ட வேண்டும் என்பதால்தான் திரை பெரும்பாலான நேரம் அணைந்தே இருந்தது. மணி பார்க்கவும் கையைத் தூக்கித் திருப்ப வேண்டியிருந்தது. திரை எப்போதும் ஒளிரும் வசதி அந்நிறுவனத்தின் கடிகாரங்களில் 2019-இல் வந்த சீரிஸ் 5-இல்தான் சேர்ந்தது. லித்தியம் அயான் பேட்டரிகள் சில நூறு முறை முழுமையாக மின்னேற்றப்பட்ட பிறகு தம் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழப்பது இயல்பு. வாரத்துக்கு ஒருமுறை சார்ஜ் செய்யும் கருவியில் இந்த இழப்பு தெரியவே பல ஆண்டுகள் ஆகும். நாள்தோறும் சார்ஜரில் வைக்கும் கருவியில் இரண்டாம் ஆண்டிலேயே தெரியத் தொடங்கும். முதல் நாளில் இரவு பத்து மணிவரை தாங்கிய கடிகாரம், அப்போது மாலை ஆறு மணிக்கே அணையும் நிலைக்கு வரும். புதிதாக இருக்கும்போதே 'ஒரு நாள் சரியாகத் தாங்குகிறது' என்று மதிப்புரை ஒன்றில் படித்தால், அதன் பொருள் இரண்டாம் ஆண்டில் அது ஒரு நாள் தாங்காது என்பதே.

அந்நிலையில் பேட்டரியை மாற்றிக்கொள்ளலாமே என்று வாசகர்கள் நினைக்கக்கூடும். குவார்ட்ஸ் கடிகாரம் ஒன்றில் பட்டன் செல் தீர்ந்தால், பின்மூடியைத் திறந்து, செல்லை மாற்றி, தேவையானால் ரப்பர் வளையத்தையும் புதிதாகப் போட்டு மூடச் சில நிமிடங்கள் போதும். அதன்பின் அது மேலும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடும். ஸ்மார்ட்வாட்ச் பெரும்பாலும் பசையால் ஒட்டி மூடப்பட்டிருக்கும். திரையைச் சூடாக்கி, மெல்லிய தகட்டை நுழைத்து நெம்பித் திறக்க வேண்டும். அந்த வேலையில் கண்ணாடி விரிசல் விடுவதும், திரைக்குச் செல்லும் மெல்லிய பட்டைக் கம்பி அறுவதும் எளிதில் நேரக்கூடியவை. திறந்து மூடிய பிறகு நீர்த்தடுப்பு முன்போல் இருக்கும் என்று நேர்மையான பழுதுபார்ப்பவர் எவரும் உறுதி தரமாட்டார். முதல் தலைமுறைக்கு இதில் கூடுதலான இடர் ஒன்று உண்டு. அதன் உடல் வடிவம் பெரும்பாலும் அந்த ஒரு தலைமுறையோடு முடிந்துவிடுவதால், அதற்குரிய பேட்டரியும் திரையும் சந்தையில் நெடுங்காலம் கிடைப்பதில்லை. முதல் பிக்ஸல் வாட்சைப் பொறுத்தவரை, உடைந்த திரையைப் பழுதுபார்த்துத் தரும் ஏற்பாடு இல்லை என்பதை 2023-இல் கூகுளே தெரிவித்தது. முதல் ஆப்பிள் வாட்சில் பேட்டரி வீங்கிய கடிகாரங்களை, வாங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்வரை கட்டணமின்றிச் சரிசெய்து தர அந்நிறுவனம் ஏற்பாடு செய்ய நேர்ந்தது. உறுதியாக நின்று பொறுப்பேற்கும் நிறுவனமா என்பதைப் பார்ப்பது இங்கு அவசியமாகிறது. மைக்ரோசாஃப்ட் 2014-இல் வெளியிட்ட, மணிக்கட்டுப் பட்டை வடிவிலான முதல் பேண்ட் கருவியிலோ பேட்டரிகள் பட்டைக்குள்ளேயே பொதிக்கப்பட்டிருந்ததால், பட்டை போனால் எல்லாமே போயிற்று.

இந்தக் கடைசிப் பெயர் வேறொரு செய்திக்கும் என்னை அழைத்துச் செல்கிறது. பழைய கடிகாரம் செய்த நிறுவனம் மூடப்பட்டால் கடிகாரம் நிற்பதில்லை. ஸ்மார்ட்வாட்சின் பல பயன்கள் நிறுவனத்தின் சர்வர்களை நம்பியே இருக்கின்றன. அடிகளின் எண்ணிக்கை, தூக்கப் பதிவு, குரல் கட்டளை, சில சமயம் நாள்காட்டியும் வானிலையும்கூட அங்கிருந்தே வருகின்றன. மைக்ரோசாஃப்ட் 2016-இல் பேண்ட் விற்பனையை நிறுத்தி, 2019 மே 31 அன்று அதன் சேவைகளையும் மூடியது. அப்போதும் பயன்படுத்திக்கொண்டிருந்தவர்களில் தகுதியுடையோருக்குப் பணத்தின் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தது. இன்டெல் நிறுவனத்தின் கையிலிருந்த பேஸிஸ் பீக் கடிகாரங்கள் அதிக வெப்பமடைந்ததால் 2016-இல் திரும்பப் பெறப்பட்டன. அந்த ஆண்டு முடிவோடு சேவையும் நிறுத்தப்பட்டது. ஃபிட்பிட் 2017-இல் வெளியிட்ட அயானிக், பேட்டரி சூடேறித் தீக்காயம் ஏற்படுத்தக்கூடும் என்பதால் 2022 மார்ச்சில் திரும்பப் பெறப்பட்டது. இவை எல்லாம் பெயர் தெரியாத நிறுவனங்கள் அல்ல என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பெரிய நிறுவனம் என்பதால் நெடுங்காலம் கைவிடாது என்று நம்புவதற்கு இந்த வரலாறு இடம் தரவில்லை. சிறிய பிரிவு ஒன்றை மூடிவிடுவது பெரிய நிறுவனத்துக்குச் சிறு செய்தி.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. நான் முதல் தலைமுறையை அடியோடு மறுக்காததற்கு அதுவே காரணம். பெப்பிள் என்ற கடிகாரத்துக்காக 2012 ஏப்ரலில், பொதுமக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் நிதி கேட்கப்பட்டபோது ஏறத்தாழ 69,000 பேர் 1 கோடி டாலருக்கும் மேல் கொடுத்தார்கள். சொன்ன காலத்தைத் தாண்டி 2013 ஜனவரியில்தான் கடிகாரங்கள் அனுப்பப்படத் தொடங்கின. கருப்பு வெள்ளைத் திரை, நான்கு பொத்தான்கள். தொடுதிரை இல்லை, ஒலிபெருக்கி இல்லை, இதயத்துடிப்பு உணரி இல்லை. ஆனால் திரை எப்போதும் மணி காட்டியது, வெயிலில் தெளிவாகத் தெரிந்தது, பேட்டரி ஏறத்தாழ ஒரு வாரம் தாங்கியது, நீந்தும்போதும் கட்டிக்கொள்ள முடிந்தது, ஐபோன் ஆண்ட்ராய்டு இரண்டோடும் இணைந்தது. அழைப்பும் குறுஞ்செய்தியும் வந்தால் மணிக்கட்டில் தெரிவிப்பது என்ற ஒரே வேலையை எடுத்துக்கொண்டு அதை முதல் நாளிலேயே ஒழுங்காகச் செய்தது. 2016 டிசம்பரில் அந்நிறுவனம் மூடப்பட்டு, அதன் மென்பொருள் ஃபிட்பிட் கைக்குப் போய், 2018 ஜூன் 30 அன்று சர்வர்களும் நிறுத்தப்பட்டன. பயனர்களே ரெபிள் என்ற பெயரில் கூடி மாற்றுச் சேவையை நடத்தினார்கள்; ஃபிட்பிட்டைப் பின்னர் வாங்கிய கூகுள், 2025 ஜனவரியில் பெப்பிள் இயங்குதளத்தின் மூலநிரலைப் பொதுவில் வெளியிட்டது. குறைவானதை முழுமையாகச் செய்த ஒரு முதல் தலைமுறைக் கடிகாரம், செய்த நிறுவனத்தைவிட நெடுங்காலம் வாழ்ந்திருக்கிறது. சர்வர் இல்லாவிட்டாலும் மணியும் அறிவிப்பும் காட்டும் எளிமையும், இரண்டு வகைக் கைபேசிகளோடும் சேரும் இயல்பும் அதற்குத் துணை நின்றன.

ஆகவே, வாங்க நினைப்பவர் தம் தேவையை முதலில் ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பார்க்க வேண்டும். காது கேட்பதில் குறையுள்ள ஒருவர், அழைப்பு வந்ததை மணிக்கட்டின் அதிர்வால் அறிந்துகொள்ள விரும்பினால், முதல் தலைமுறைக் கடிகாரமும் அவருக்கு முதல் நாளிலிருந்தே பயன்படும். அவரைக் காத்திருக்கச் சொல்வது முறையாகாது. கடிகாரங்களுக்குச் செயலி எழுதுவதைத் தொழிலாக்க விரும்புபவருக்கும் முதல் தலைமுறை தேவைப்படலாம். நீச்சல் தூரத்தை அளக்க, கைபேசி இல்லாமல் ஓடிய பாதையைப் பதிய என்று தெளிவான தேவை உள்ளவர், அந்த வேலையைக் கடிகாரம் இன்று தானே செய்கிறதா அல்லது கைபேசியின் துணையோடு செய்கிறதா என்று விற்பவரிடம் நேராகக் கேட்க வேண்டும். 'அடுத்த புதுப்பிப்பில் வந்துவிடும்' என்பது பதிலானால், அதை நம்பிப் பணம் கொடுப்பது மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவதுதான். உடல்நலத்துக்காக வாங்குபவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பச்சை ஒளியைத் தோலுக்குள் செலுத்தி, இரத்தம் உறிஞ்சியது போக மீண்டு வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்திலிருந்து துடிப்பைக் கணக்கிடும் முறை, கை வேகமாக அசையும்போதும், வார் தளர்வாக இருக்கும்போதும், பச்சை குத்திய தோலிலும் தடுமாறக்கூடியது. மருத்துவரின் சோதனைக்கு அது மாற்று ஆகாது.

காத்திருந்தால் என்றும் காத்திருக்க வேண்டியதுதான், அடுத்தது வந்துகொண்டேதான் இருக்கும் என்று சிலர் வாதிடுவதுண்டு. ஏழாம் தலைமுறைக்கும் எட்டாம் தலைமுறைக்கும் இடையில் காத்திருப்பவரைப் பார்த்து அவ்வாறு சொன்னால் ஒப்புக்கொள்வேன். அங்கே வேறுபாடு மிகச் சிறியது. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையிலான தூரம் அத்தகையதன்று என்பதை மேலே கண்ட எடுத்துக்காட்டுகளே சொல்கின்றன. அந்தக் காத்திருப்புக்கு ஓர் எல்லையும் உண்டு. ஆறு மாதங்களிலிருந்து ஒன்றரை ஆண்டுக்குள் இரண்டாவது பெரும்பாலும் வந்துவிடுகிறது. வராமல் போனால், அந்த நிறுவனம் கடிகாரத்தைக் கைவிடுகிறது என்பதையும் பணம் செலவழிக்காமலே தெரிந்துகொண்டோம். இரண்டாவது வெளியானதும் விலை குறையும் முதலாவதை வாங்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், மிக மலிவாகக் கிடைத்தாலன்றி வேண்டாம் என்பதே. அதன் புதுப்பிப்புக் காலம் நாம் வாங்கிய நாளிலிருந்து தொடங்குவதில்லை. பயன்படுத்தியதை வாங்குபவர்கள், பழைய உரிமையாளர் தம் கணக்கிலிருந்து கடிகாரத்தை விடுவித்துவிட்டாரா என்பதைக் கண்முன் சோதித்துப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். விடுவிக்கப்படாத கடிகாரத்தை நம் கைபேசியோடு இணைக்க முடியாமல் போகலாம். பழுதுபார்ப்பவராலும் அதற்கு நேர்வழியில் உதவ முடியாது.

இறுதியாகத் தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்மார்ட்வாட்ச் மதிப்புரை ஒவ்வொன்றின் முடிவிலும், அது எந்தெந்தக் கைபேசிகளோடு இணையும், கைபேசியும் இணையமும் இல்லாதபோது எவ்வளவு வேலை செய்யும், பேட்டரியை மாற்றித் தரும் ஏற்பாடு உண்டா, மென்பொருள் புதுப்பிப்பு எந்த மாதம் எந்த ஆண்டுவரை வரும் ஆகிய விவரங்களைத் தவறாமல் வெளியிட வேண்டும். இயன்றால் அதே கடிகாரத்தை ஓராண்டு கழித்து மீண்டும் எடுத்து, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று அளந்து எழுதச் செய்யலாம். இவை நிறுவனங்களிடம் கேட்டுப் பெறக்கூடாத இரகசியங்கள் அல்ல. முதல் பிக்ஸல் வாட்சுக்கு 2025 அக்டோபர்வரை புதுப்பிப்பு உண்டு என்று கூகுள் தானாகவே தேதி குறிப்பிட்டிருந்தது. அவ்வாறு தேதி சொல்ல ஒரு நிறுவனம் மறுத்தால், மறுத்தது என்பதையும் மதிப்புரையிலேயே அச்சிட்டுவிடலாம்.

இங்ஙனம்,
கடிகாரம் பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர்